இழுவைக்குப் பழைய பிக்கப்: கதவு ஓரத்து ஸ்டிக்கரில் தொடங்குங்கள்

பழைய பிக்கப் ஒன்றை விலைக்குப் பார்க்கும்போது, விற்பவர் முதலில் சொல்வது ஒரு எண்ணைத்தான். “இது 9,500 பவுண்டு இழுக்கும்.” ஏறத்தாழ 4,300 கிலோ. வாங்குபவரின் டிரெய்லர் 3,000 கிலோவைச் சற்றே தாண்டும் என்றால், ‘அப்போ தாராளமாகப் போதும்’ என்று மனசு அங்கேயே முடிவு கட்டிவிடும். குறைந்த பணத்தில் இழுவை வண்டி தேடுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அந்த எண் பொய்யில்லை. ஆனால் உங்கள் தேவைக்கு அது கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்பே வேறொரு எண் தீர்ந்துபோயிருக்கும்.

அந்த வேறொரு எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர் காற்றழுத்தம் குறித்திருக்கும் அதே ஸ்டிக்கர்தான். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோடு. அந்தக் குறிப்பிட்ட வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த நிலைக்கான கணக்கு அது. ஒரே மாடல், ஒரே ஆண்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில்கூட இந்த எண் 200 கிலோ வித்தியாசப்படலாம்.

இதற்கும் டிரெய்லருக்கும் என்ன சம்பந்தம்? டிரெய்லரின் முழு எடையும் அதன் சக்கரங்கள் மேல் இருப்பதில்லை. முன்பக்கக் கொக்கி வழியாக ஒரு பங்கு பிக்கப்பின் பின்புறத்தில் இறங்குகிறது. பம்பருக்குக் கீழே மாட்டும் சாதாரண டிரெய்லர்களுக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். பின்தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளுக்கு 15 முதல் 25 சதவீதம். இதைக் குறைத்து ஏமாற்ற முடியாது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் பெரிதானால் முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 3,175 கிலோ, அதாவது 7,000 பவுண்டு. கொக்கியில் இறங்குவது 12.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 400 கிலோ. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் பிடி) அமைப்புக்கு 40 கிலோ. நான்கு கதவு வைத்த சாதாரண அரை டன் வகை பிக்கப்பின் (இது வெறும் வகைப்பெயர்தான், தூக்கும் எடை அல்ல) பேலோடு 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 240 கிலோ. இனி நான்கு பேர் ஏற வேண்டும். ஆளுக்கு 75 கிலோ போட்டாலே 300. பெட்டி படுக்கை எதுவும் ஏறாமலே வண்டி 60 கிலோ கூடிவிட்டது. விளம்பரத்தில் சொன்ன 4,300 கிலோ இழுவைத் திறனில் இன்னும் ஆயிரம் கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே இது நடக்கிறது.

அதனால் தேடலை வண்டியிலிருந்து தொடங்காமல் டிரெய்லரிலிருந்து தொடங்குங்கள். அதுவும் டிரெய்லர் விளம்பரத்தில் போடும் வெற்று எடையை நம்ப வேண்டாம். தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திர பண்டம் எல்லாம் ஏறியபின் எடை சில நூறு கிலோ கூடும். தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் என்றால் அது மட்டுமே 150 கிலோ. டிரெய்லரின் சொந்த ஸ்டிக்கரில் இருக்கும் அதிகபட்ச மொத்த எடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு. முன்பே டிரெய்லர் கையில் இருந்தால் வழக்கமான சாமானோடு எடை மேடையில் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போனால், விற்பவர் என்ன சொன்னாலும் உங்கள் கணக்கு கலையாது.

சரி, விளம்பர எண் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? ஒரு மாடலுக்குச் சொல்லும் உச்ச எண், அந்த மாடலின் ஏதோ ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு மட்டுமே உரியது. பெரிய எஞ்சின், எண் கூடிய பின் அச்சு விகிதம், கூடுதல் குளிர்விப்பு, பெரும்பாலும் எளிமையான உட்புறம். நீங்கள் பார்க்கும் வண்டியில் சன்ரூஃப், தோல் இருக்கை, மின்சாரப் படி, ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் இருந்தால், அவை ஒவ்வொன்றும் பேலோடிலிருந்து கழித்துக்கொண்டவை. சொகுசு ஏற ஏறச் சுமை இறங்கும். சந்தையில் யாரும் அதிகம் சீண்டாத, வினைல் தரை போட்ட, வேலைக்கென்றே செய்த அடிப்படை வகை பல நேரம் அதிகம் தூக்கும். விலையும் குறைவாக இருக்கும்.

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு இழுவைத் திறனை அறிவித்துவந்தது. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற பொது அளவுகோல் 2008-இல் வெளிவந்தது. அதை முதலில் ஏற்றது டொயோட்டா, 2011 மாடல் டன்ட்ராவில். மற்ற பெரிய நிறுவனங்கள் அதன்பின் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தன. அந்தச் சோதனையின் ஒரு பகுதி அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு மேலே ஏறும் சாலையை அடிப்படையாகக் கொண்டது. சுட்டெரிக்கும் வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, 11.4 மைல் ஏற்றத்தில் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்தவற்றுக்கு 35 மைல். ஆகவே இந்த அளவுகோலுக்கு முந்தைய வண்டியின் எண்ணும் பிந்தைய வண்டியின் எண்ணும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. முந்தையதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்காவுக்கு வெளியே விற்ற நடுத்தர பிக்கப்புகளிலும் இதே பொறி வேறு வடிவத்தில் இருக்கிறது. 2011-இல் அறிமுகமான தலைமுறை ஃபோர்டு ரேஞ்சரின் 3.2 லிட்டர் ஃபோர் வீல் வகை 3,500 கிலோ இழுக்கும் என்றார்கள். வண்டியின் அதிகபட்ச எடை 3,200 கிலோ. ஆனால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 கிலோவைத் தாண்டக் கூடாது. கூட்டிப் பாருங்கள். 3,500 கிலோ இழுத்தால் வண்டிக்கு மிச்சம் 2,500. வெறும் வண்டியே ஏறத்தாழ 2,200 கிலோ. ஆட்களுக்கும் சாமானுக்கும் 300 கிலோதான். இழுவை எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இந்த மூன்றாவது எண் பிறகுதான் கண்ணில் படும்.

எடை பொருந்திய பிறகு பார்க்க வேண்டியது பின் அச்சு விகிதம். எஞ்சின் பெரியதா சின்னதா என்று விசாரிப்பவர்கள் இதை விசாரிப்பதே இல்லை. 3.31, 3.55, 3.73, 4.10 என்று வரும் இந்த எண், சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைச் சொல்கிறது. எண் கூடினால் இழுவை கூடும், எரிபொருளும் கொஞ்சம் கூடக் குடிக்கும். அதே எஞ்சினில் 3.31-க்குப் பதில் 3.73 இருந்தால் சக்கரத்தில் கிடைக்கும் விசை ஏறத்தாழ 13 சதவீதம் அதிகம். ஏற்றத்தில் கியர் மாறி மாறித் தவிப்பதற்கும் நிதானமாக ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் கையுறைப் பெட்டிக்குள் ஒரு குறியீட்டு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜியூ6 இருந்தால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. ஜி80 இருந்தால் வழுக்கும் இடத்தில் உதவும் லாக்கிங் டிஃபரன்ஷியலும் உண்டு. மற்ற நிறுவனங்களில் கதவு ஸ்டிக்கரிலேயே ஆக்சில் குறியீடு இருக்கும். விற்பவருக்குத் தெரியாவிட்டாலும் வண்டியே சொல்லிவிடும்.

கியர்பாக்ஸில் எத்தனை படிகள் என்பதும் பட்ஜெட் வண்டிகளில் பெரிய விஷயம். ஜிஎம் அரை டன் வண்டிகளில் நெடுங்காலம் இருந்த நான்கு படி 4எல்60இ கியர்பாக்ஸில் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெரிய பள்ளம். டிரெய்லரோடு நீண்ட ஏற்றத்தில் மூன்றாவது தாங்காது. இரண்டாவதுக்கு இறங்கினால் எஞ்சின் கத்தும். பின்னால் வந்த ஆறு படி 6எல்80-இல் அதே இடைவெளியில் 2.36, 1.53, 1.15 என்று படிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஃபோர்டு எஃப்-150-க்கு 2009-இல் ஆறு படி வந்தது. ராம் 1500-க்கு 2013-இல் எட்டுப் படி. கையில் இருக்கும் பணம் இந்த எல்லைக்கு இப்பக்கமா அப்பக்கமா என்று தடுமாறினால், கொஞ்சம் கூடக் கொடுத்து ஆறு படிக்குள் வந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இழுவை வண்டியில் கியர்பாக்ஸைக் கொல்வது சூடு. அதன் எண்ணெய் இயல்பாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதற்கு மேலே ஏற ஏற எண்ணெயின் ஆயுள் வேகமாகக் குறையும். ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகள் கையாளும் தோராயக் கணக்கு. அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பம்பருக்குக் கீழே ஹிட்ச் இருப்பதாலேயே கூலரும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹிட்சை யார் வேண்டுமானாலும் பின்னால் வாங்கி முடுக்கலாம். தொழிற்சாலையிலேயே பொருத்திய இழுவைத் தொகுப்பு, அதாவது டோ பேக்கேஜ் என்றால் கூலர், பெரிய ரேடியேட்டர், ஏழு முள் மின் இணைப்பு, சில வண்டிகளில் டிரெய்லர் பிரேக்கை முன்னாலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து வரும். ஹிட்ச்சிலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதையும் படியுங்கள். பல அரை டன் வண்டிகளில் எடைப் பகிர்வு அமைப்பு இல்லாமல் 5,000 பவுண்டும் கொக்கியில் 500 பவுண்டும்தான் அனுமதி. அந்த அமைப்போடு மட்டுமே பெரிய எண் செல்லும்.

மலைப்பக்கம் ஓட்டுபவர்கள் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 2011-இல் எஃப்-150-க்கு வந்த 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் போன்ற டர்போ எஞ்சின்கள் இந்த இடத்தில் நன்றாக நிற்கும். ஆனால் அந்த ஆரம்ப வண்டிகளில் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது டைமிங் செயின் கடகடக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

இப்போது எந்த வண்டி என்ற கேள்விக்கு வருகிறேன். என் பரிந்துரை நேரானது: டிரெய்லர் 2,700 கிலோவைத் தாண்டும் என்றால், புதிதாகத் தெரியும் அரை டன் வண்டிக்குப் பதில் அதே விலையில் வயது கூடிய முக்கால் டன் (அரை டன்னுக்கு அடுத்த கனமான வகை) பெட்ரோல் வண்டியைப் பாருங்கள். ஜிஎம்மின் 2500 ஹெச்டியில் வந்த 6.0 லிட்டர் வி8 இதற்கு நல்ல உதாரணம். இரும்பு பிளாக், சிலிண்டர்களை நிறுத்தி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் சிக்கலான அமைப்பு இல்லை, ஆரம்ப வண்டிகளில் 4எல்80இ என்ற கனமான கியர்பாக்ஸ், பின்னால் ஆறு படி 6எல்90. எரிபொருள் நிறையக் குடிக்கும், சந்தேகமே இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டுகள் ஒடியும். உப்பு தூவும் ஊர்களில் ஓடிய பழைய வண்டிகளில் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழும். ஆனால் இவை எல்லாம் செலவு தெரிந்த பழுதுகள். உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கும். ஃபோர்டு பக்கம் 2011 முதல் சூப்பர் டியூட்டியில் வந்த 6.2 லிட்டர் வி8-க்கும் இதே மாதிரி நல்ல பெயர் உண்டு.

அரை டன்னுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றால் எதைத் தவிர்ப்பது என்று தெரிந்திருப்பதே பாதி வெற்றி. 2004 முதல் 2010 வரை எஃப்-150-இல் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சினில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் தட்டும் சத்தம் வரும். அதன் முதல் சில ஆண்டு வண்டிகளில் ஸ்பார்க் பிளக் கழற்றும்போது இரண்டாக ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 2007-க்குப் பின் ஜிஎம்மின் 5.3 லிட்டரில் சிலிண்டர் நிறுத்தும் அமைப்பின் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் பாகங்கள்) செயலிழப்பது தெரிந்த கதை. ராமின் 5.7 ஹெமியில் டிக் டிக் சத்தம் கேட்டால், அது எக்ஸாஸ்ட் போல்ட்டா அல்லது கேமும் லிஃப்டரும் தேய்ந்ததா என்று மெக்கானிக் பிரித்துச் சொல்ல வேண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டன்ட்ராவின் 5.7 லிட்டர் எஞ்சின் உறுதியானது, பின் அச்சு 4.30 வரை வரும். ஆனால் நான்கு கதவுப் பெரிய கேபினில் பேலோடு தாராளமில்லை. டொயோட்டாவின் பழைய வண்டிகளில் சேசிஸ் துரு பெரிய பிரச்சினையாகி நீதிமன்றச் சமரசம் வரை போனது. துருவைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

டீசல் ஆசை எல்லோருக்கும் வரும். இழுவைக்கு அது இதமானது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குறைந்த பணத்தில் கிடைக்கும் டீசல், பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய பழுதின் வாசலில் நிற்பதால்தான் அந்த விலைக்கு வருகிறது. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6.0 பவர்ஸ்ட்ரோக்கில் ஆயில் கூலர் அடைத்து, எஞ்சினுக்குள் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் வெடித்து, ஹெட் கேஸ்கெட் வரை போகும். 2001 முதல் 2004 வரை வந்த ஜிஎம்மின் டியூராமேக்ஸ் எல்பி7-இல் இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு அடியில் இருப்பதால் மாற்றக் கூலியே பெரும் தொகை. 2011-க்குப் பின் சில எஞ்சின்களில் வந்த சிபி4 டீசல் பம்ப் உடைந்தால், அதன் இரும்புத் தூள் எரிபொருள் பாதை முழுவதையும் கெடுத்துவிடும். பழைய 5.9 கம்மின்ஸ் எஞ்சின் அசராது, அதன் பின்னால் டாட்ஜ் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அசந்துவிடும். இன்னொன்று, டீசல் எஞ்சின் கனமானது. முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருப்பதால், எஞ்சினின் கூடுதல் எடை நேராகப் பேலோடிலிருந்துதான் கழியும். அதே வண்டியின் பெட்ரோல் வகை அதிகம் தூக்கும். புகை வடிகட்டியைக் கழற்றிவிட்ட டீசல் என்றால் விலகி வந்துவிடுங்கள். அமெரிக்காவில் அது சட்ட மீறல், சோதனை உள்ள இடங்களில் பதிவும் நிற்கும்.

நேரில் பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். போவதற்கு முன்பே ‘ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அளவுகோல் குச்சி இருக்கும் வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாகி இருந்தால் வயது. கருத்து, தீய்ந்த வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது. அப்புறம் கீழே படுத்து சேசிஸைப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், உதிரி டயர் தொங்கும் இடத்தின் மேல்பகுதி, இந்த இரண்டிலும் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இற்றுப்போனது மந்தமாக ஒலிக்கும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதை அழகு என்று எடுத்துக்கொள்ளாமல் இன்னும் உன்னிப்பாகத் தட்டுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்திருங்கள். சாலையில் வரிமேடு மேல் ஓடுவது போன்ற அதிர்வு சில நொடிகள் வந்தால் அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பழுதாக இருக்கலாம். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது தட் என்ற சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டான யூ-ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். முடிந்தால் ஏதாவதொரு டிரெய்லரை மாட்டி ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். முன்பு இழுவைக்கு ஓடிய வண்டி என்றாலே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஹிட்ச் குழாயின் உட்புறம் தேய்ந்து பளபளப்பாக இருந்து, கியர்பாக்ஸ் எண்ணெயும் டிஃபரன்ஷியல் எண்ணெயும் காலத்தில் மாற்றிய பில்கள் கையில் இருந்தால், அந்த ஆள் வண்டியைத் தெரிந்து வைத்திருந்தவர். இழுத்ததே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் பிரேக் கன்ட்ரோலர் திருகிய ஓட்டைகள் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வண்டிக்கு வைத்திருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைப்பது நல்லது. முதலில் டயர். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரமும் ஆண்டும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பரை நம்பி டிரெய்லர் மாட்டக் கூடாது. அடுத்து எல்லா எண்ணெய்களும், கூலன்ட்டும், பிரேக் திரவமும் ஒரே சமயத்தில் மாற்றப்பட வேண்டும். பிரேக் கன்ட்ரோலர் இல்லையென்றால் அதையும் பொருத்திவிட்டு, டிரெய்லர் பிரேக்கை வெறும் மைதானத்தில் மெதுவான வேகத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். பின்னர் குடும்பமும் சாமானும் ஏறிய நிலையில் டிரெய்லரோடு எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்கி, கதவு ஸ்டிக்கரிலும் டிரெய்லரின் ஸ்டிக்கரிலும் இருக்கும் வரம்புகளோடு ஒப்பிட வேண்டும். பின் அச்சு வரம்பைத் தாண்டியிருந்தால் பின்தொட்டியில் இருக்கும் ஜெனரேட்டரையும் விறகையும் முதலில் இறக்குங்கள். அதையும் தாண்டி நின்றால், டிரெய்லருக்குள் சாமானை இடம் மாற்றிக் கொக்கியின் பங்கை 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி எடை போடுங்கள்.